இரும்புலியூர் தையல் வகுப்பு

இரும்புலியூரில் ஜஹானாரா குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கியது. 'தையல் வகுப்பு, மாலை 6 முதல் 8 வரை'. முதலில் 'மகளிர் தையல் வகுப்பு' என்றுதான் எழுதியிருந்தார்கள். பையன்களும் வர ஆரம்பித்ததும் அவள் புருஷன் ஷாகுல் 'மகளிர்' மேல் கறுப்புப் பெயிண்டை இழுத்துவிட்டான்.

சாயங்காலமானால் முப்பது பிள்ளைகள் தோளில் துணிப்பையோடு வருவார்கள். பையில் மேலாக ஒரு இஞ்ச் டேப், கொஞ்சம் துண்டுத் துணி. அதற்கு அடியில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், லாக் டேபிள், ஜியோமெட்ரி பாக்ஸ். அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் ஊசியில் நூல் கோத்ததில்லை. கோக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

பலகைக்குக் காரணம் பள்ளிக்கூடம். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலிருந்து உள்ளே தள்ளி, வயலை நிரவிக் கட்டிய மெட்ரிகுலேஷன் பள்ளி அது. தாளாளர் தோத்தாத்ரி. அவர் மனைவி சுந்தரவல்லி பிரின்சிபால். ஜஹானாரா அங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். படிப்பு எம்.எஸ்ஸி., பி.எட். சம்பளம் மூவாயிரத்து எண்ணூறு. பள்ளிக்கு வெள்ளையடிக்க வந்த சின்னப்பன் ஒருநாள் ஏணியில் நின்றபடியே பேச்சுவாக்கில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்ச நேரம் பிரஷ்ஷை ஓட்டாமல் நின்றான்.

"நமக்கு மாசத்துல பாதி நாள்தான் வேல டீச்சர். அதுலயே இதத் தாண்டிடுவேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னான்.

சம்பளத்தைக் கூட்டிக் கேட்காமல் இல்லை. ஒருமுறை எல்லா டீச்சர்களும் சேர்ந்து ஆங்கிலத்தில் மனு எழுதி, யார் பெயர் முதலில் என்று தெரியாதபடி வட்டமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் மனு திரும்பி வந்தது. தோத்தாத்ரி சிவப்பு மையில் ஏழெட்டுப் பிழைகளைச் சுழித்து, கீழே 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார். இன்னொரு முறை சயின்ஸ் டீச்சர் லோகநாயகி நேரிலேயே போய்க் கேட்டாள். ஆசிரியப் பணியின் மகத்துவம் பற்றி அரைமணி நேரம் பேசி, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதில் போன வருஷத்து ஆண்டு விழாத் தேதி பொறித்திருந்தது.

கிடைக்கிற சம்பளத்தில் இரும்புலியூரில் வாடகை கொடுத்தால் மிச்சத்துக்கு மூக்கைச் சிந்தக் கைக்குட்டை வாங்கலாம். கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் தாம்பரம் பக்கம் வீடு தேட ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்காரர்களுக்குக் கண் விரிந்துவிட்டது. டியூஷன்தான் ஒரே வழி. ஆனால் டியூஷன் எடுக்கக்கூடாது என்பது பள்ளியின் சட்டம். ஏனென்றால் பள்ளியே மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் நடத்தியது. அதற்குப் பெற்றோரிடம் தனிக் கட்டணம். எடுக்கிற டீச்சருக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்.

மாட்டினால் வேலை போகும். வேலை போவதைக்கூடச் சமாளித்துவிடலாம். சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்ட அசல் சான்றிதழ்கள் தோத்தாத்ரியின் அறையில் ஒரு இரும்பு பீரோவில் கிடந்தன. அதில்லாமல் வேறு பள்ளியில் காலை வைக்க முடியாது. அரசாங்க வேலைக்குக் கூப்பிட்டாலும் கையை வீசிக்கொண்டுதான் போக வேண்டும். கல்லுடைக்கிறவனின் சம்மட்டி அவன் தோளில் இருக்கும். கொத்தனாரின் கரண்டி அவன் பையில் இருக்கும். படித்தவளின் தொழில் கருவியை மட்டும் முதலாளி வாங்கி நாப்தலீன் உருண்டை போட்டுப் பூட்டி வைக்கிறான். அவளும் ரசீதுகூட வாங்காமல் கொடுத்துவிட்டு வருகிறாள்.

தையல் வகுப்பு என்பது ஷாகுலின் யோசனை. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஷூவுக்கு மேல்பாகம் தைப்பவன் அவன். வீட்டிலும் ஒரு பழைய கனத்த மெஷின் வைத்திருந்தான். முன்னறையில் அவனும் மெஷினும். உள்ளறையில் ஜஹானாராவும் பிள்ளைகளும். தெரியாத ஆள் வாசலில் நின்றால் ஷாகுல் மெஷினைத் தடதடவென்று ஓட்டுவான். உள்ளே எல்லாப் புத்தகமும் துணிக்கு அடியில் போய்விடும். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இப்படித்தான் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் தடதடத்தது. வழக்கத்தைவிடக் கடூரமாகத் தடதடத்தது. ஜஹானாரா திரையை விலக்கிப் பார்த்தாள். வாசலில் சுந்தரவல்லி நின்றிருந்தார்.

"பல்லாவரம் சந்தைக்குப் போயிட்டு வர வழியில போர்டைப் பார்த்தேன்" என்றார். "உன் ஆத்துக்காரர் தையல் சொல்லித் தராரா? நீ சொல்லவே இல்லையே. எனக்கும் ரொம்ப நாளா ஆசை. ஜாக்கெட் தைக்கக் கத்துக்கணும்."

ஜஹானாரா மனதுக்குள் வழியைப் போட்டுப் பார்த்தாள். பல்லாவரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போகிறவர் தாம்பரத்தில் கிழக்கே திரும்ப வேண்டும். அதைத் தாண்டித் தெற்கே இரும்புலியூர் வருகிற வழி ஒன்று உலகத்தில் கிடையாது. வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார். பீரோவும் அதன் சாவியும் அவள் கண்முன் வந்து போயின.

"வாங்க மேடம்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

சுந்தரவல்லி கைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார். "ஒரு மாசத்துக்கு அட்வான்ஸ். திங்கள்லேர்ந்து வரேன்."

அவர் போனதும் ஷாகுல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இன்னா ஜஹானா, காசு வேற குட்த்துட்டாங்க. நான் இன்னாத்தச் சொல்லித் தர்றது? என் ஜென்மத்துல ஜாக்கெட் தச்சதில்ல."

"ஷூ தைக்கிறீங்கல்ல. அதே மாதிரி தைங்க."

"ஷூக்குக் கை கெடயாதே."

"இப்ப வேணாம்னு சொன்னா சந்தேகம் வந்துரும். ஒரு மாசம் ஓட்டுங்க. எனக்கு வேல போனா உங்களுக்கு மட்டும் நல்லாவா இருக்கும்?"

அவன் ஓட்டினான். தோலில் குண்டூசி குத்தினால் ஓட்டை நின்றுவிடும் என்பதால் தோல்காரர்கள் பசை போட்டு ஒட்டித்தான் தைப்பார்கள். ஷாகுலுக்குத் தெரிந்தது அதுதான். சுந்தரவல்லியின் நல்ல பச்சை ஜாக்கெட் துணியை வெட்டி, ஓரங்களில் ஷூ பசையைத் தடவி மடிக்கச் சொன்னான். பிறகு ஒரு சின்னச் சுத்தியலைக் கையில் கொடுத்தான்.

"இது எதுக்குப்பா?"

"மடிப்பத் தட்டணும் மேடம். தட்டுனாத்தான் படியும். ஆயுசுக்கும் பிரியாது."

"எங்க டெய்லர் சுத்தியல் வச்சுண்டு பார்த்ததே இல்லையே."

"அவங்கள்லாம் ஏமாத்துறவங்க மேடம்."

பிரின்சிபால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜாக்கெட்டைச் சுத்தியலால் தட்டினார். உள்ளறையில் ஜஹானாரா பாடத்தைத் தையல் பாஷையில் நடத்திக்கொண்டிருந்தாள். "இடுப்புச் சுற்றளவு எக்ஸ். மார்புச் சுற்றளவு அதைவிட ஆறு அங்குலம் கூட. ரெண்டையும் பெருக்கினா ஆயிரத்து எண்பது. இடுப்பு எவ்ளோ?" பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஸ்ம்ருதி என்ற பெண் இருபடிச் சமன்பாட்டை வழக்கத்தைவிட வேகமாகவே போட்டாள்.

ஆசிப்புக்குத்தான் நாக்கு நிற்காது. ஒருநாள் முன்னறை வரை கேட்கும்படி, "மிஸ், இதுக்கு சைன் தீட்டாவா காஸ் தீட்டாவா?" என்று கத்தினான்.

சுத்தியல் சத்தம் நின்றது.

"இன்னாது அது?" என்றார் சுந்தரவல்லி. ஷாகுலோடு உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கும் 'இன்னா' வந்துவிட்டிருந்தது.

"கழுத்து மாடல் மேடம்" என்றான் ஷாகுல் முகத்தில் சலனமில்லாமல். "சைன் கழுத்துன்னா முன்னாடி எறக்கம். காஸ் கழுத்துன்னா முதுகுல எறக்கம். பாம்பேலேர்ந்து வந்துகினு கீது."

"தீட்டா?"

"அது நாடா."

சுந்தரவல்லி தலையை ஆட்டிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். ஜஹானாரா உள்ளே சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

ஜாக்கெட் முடிந்தது. போட்டுப் பார்க்கிறேன் என்று மறைப்புக்குப் பின்னால் போன சுந்தரவல்லி வெகுநேரம் வரவில்லை. ஜஹானாரா போய்ப் பார்த்தால், ஒரு கை உள்ளே போய் மடங்க மறுத்து அய்யனார் சிலைபோல நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் இழுத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றித் தரையில் வைத்த ஜாக்கெட் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தது. சுந்தரவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தார்.

அதுதான் ஜஹானாராவைப் பயமுறுத்தியது. இப்படி ஒரு ஜாக்கெட்டைப் பார்த்த பிறகும் ஒரு பெண்பிள்ளை தையல் கற்க வருகிறாள் என்றால் அவள் வருவது தையலுக்கு இல்லை. பள்ளியில் லோகநாயகியிடம் சொன்னாள்.

"ஆதாரம் சேர்க்குறாங்கடி" என்றாள் லோகநாயகி. "மொத்தமா வச்சு அமுக்குவாங்க. நீ ஒரு வாரம் கிளாஸை நிறுத்து."

"பப்ளிக் எக்ஸாமுக்கு மூணு மாசம்தான் இருக்கு. பிள்ளைங்க காசு கொடுத்திருக்கு. எப்படி நிறுத்துறது?"

நிறுத்தவில்லை. அன்று சாயங்காலம் கணக்கு முடிந்ததும் ஸ்ம்ருதி பௌதிகத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். லென்ஸ் கணக்கு. பௌதிகம் ஜஹானாராவின் பாடம் இல்லை. எண்களைப் போட்டுப் பார்த்தாள், விடை இடறியது. மறுபடி போட்டாள், வேறு மாதிரி இடறியது.

"பொருளோட தூரத்துக்கு மைனஸ் போடு" என்றது முன்னறையிலிருந்து ஒரு குரல். "லென்ஸுக்கு இந்தப் பக்கம்னா மைனஸ். எத்தனை வருஷமா இதே தப்பு."

உள்ளே புத்தகங்கள் துணிக்கு அடியில் போயின. ஷாகுல் பழக்க தோஷத்தில் மெஷினை ஓட்டினான்.

"நிறுத்துப்பா, காது அடைக்கிறது" என்று சொல்லிவிட்டு சுந்தரவல்லி திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். துணிக்கு அடியில் போன புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். கடைசியாக ஆசிப்பின் லாக் டேபிளைத் தூக்கிக் காட்டினார். "தையலுக்கு லாக் டேபிள் எதுக்குடா? முதல் நாளே உன் பையிலேர்ந்து எட்டிப் பார்த்தது."

ஜஹானாரா எழுந்து நின்றாள். "மேடம், தப்புதான். சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துடச் சொல்லுங்க. நானே நின்னுக்கறேன்."

"உட்காரு. உன்னைப் பிடிச்சுக் கொடுக்கணும்னா எதுக்கு அந்த ஜாக்கெட்டைச் சுத்தியலால தட்டிண்டிருந்தேன்?" என்றார் சுந்தரவல்லி. பிள்ளைகளை முன்னறைக்குப் போகச் சொன்னார். பிள்ளைகள் போய்த் திரைக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டார்கள்.

"உனக்கு என்ன சம்பளம்?"

"உங்களுக்குத் தெரியாதா மேடம். மூவாயிரத்து எண்ணூறு."

"எனக்கு என்ன தெரியுமா?"

ஜஹானாரா ஒரு பெரிய எண்ணை மனதில் நினைத்தாள்.

"ஒண்ணுமில்லை" என்றார் சுந்தரவல்லி. "ஸ்கூல் ஆரம்பிச்ச நாளா பிரின்சிபால். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், எம்.எட். குடும்ப ஸ்கூல்ல குடும்பத்து மனுஷிக்குச் சம்பளமாம்னு சிரிப்பார். கறிவேப்பிலை வாங்கினாக்கூட மீதிச் சில்லறையை ஒப்படைக்கணும். நீ டியூஷன் எடுக்கறேன்னு காதுல விழுந்தது. எப்படித்தான் நடத்தறேன்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். பார்த்தா கணக்கு மட்டும் இருக்கு, பிசிக்ஸுக்கு ஆள் இல்லை."

ஜஹானாராவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பயம் இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"பிசிக்ஸ் வேகன்சி இருக்கு மேடம்" என்றாள் நிதானமாக. "ஆனா முதல்ல ஒரு டெமோ கிளாஸ் எடுக்கணும். நம்ம ஸ்கூல்ல அதானே வழக்கம்."

"எடுக்கறேன்."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஷாகுல் சொன்னான். "ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குட்த்து வைங்க மேடம். நடுவுல வுட்டுட்டுப் போய்ட்டா நாங்க இன்னா பண்றது?"

சுந்தரவல்லி சிரிக்கவில்லை. "அதுவும் அவர் பீரோவுலதான் இருக்கு" என்றார். பிறகுதான் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

பௌதிகம் சேர்ந்ததும் கூட்டம் கூடியது. பொங்கல் கழிந்தபோது முன்னறையும் நிரம்பி, ஷாகுல் மெஷினோடு வாசல் படிக்குத் தள்ளப்பட்டான். பள்ளியின் ஸ்பெஷல் கிளாஸில் பெஞ்சுகள் காலியாயின. தோத்தாத்ரி காரணம் கேட்டார். இந்த வருஷப் பிள்ளைகளுக்குத் தையலில் ஆர்வம் அதிகமாகிவிட்டது என்று பிரின்சிபால் அறிக்கை கொடுத்தார். தோத்தாத்ரி அதை நம்பினார். அவருக்கு அதில் வேறொரு சந்தோஷம் இருந்தது. மனைவி தையல் கற்றுக்கொண்டால் தையற்கூலி மிச்சம்.

அந்த மிச்சம்தான் அவரை இரும்புலியூருக்குக் கொண்டுவந்தது. இடுப்பு தளர்ந்துபோன நாலு பழைய பேண்ட்களை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, வகுப்பிலேயே கையோடு பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று அவரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்துச் சற்று யோசித்தார். ஷாகுல் மெஷினை ஓட்ட ஓட்ட, அவர் அதைத் தாண்டி உள்ளே போனார்.

அவர் மனைவி சுவரில் சாய்த்த கரும்பலகையில் குவிலென்ஸ் வரைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஜஹானாரா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அவருடைய பள்ளியின் பத்தாம் வகுப்பு முழுசாக உட்கார்ந்திருந்தது.

"பட்டன் வரஞ்சிகினு கீறாங்க சார்" என்றான் பின்னாலேயே ஓடிவந்த ஷாகுல்.

தோத்தாத்ரி அவனைப் பார்க்கவில்லை. பலகையை ஒருமுறை, மனைவியை ஒருமுறை பார்த்தார். மனைவியைத் திட்ட வாய் வரவில்லை. அதனால் அடுத்தவளிடம் போனார்.

"ஜஹானாரா, நாளைலேர்ந்து நீ ஸ்கூலுக்கு வர வேண்டாம். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கிடையாது. உன் பேப்பர்ஸ் எல்லாம் எங்கிட்டயேதான் இருக்கும். அதையும் ஞாபகம் வச்சுக்கோ."

ஜஹானாரா சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தாள். இத்தனை மாதமாகப் பயந்த வாக்கியம் அது. காதில் விழுந்த பிறகு அது நினைத்த அளவு பெரியதாக இல்லை.

"அப்போ நானும் வரலை" என்றார் சுந்தரவல்லி.

"நீ எப்படி வராம இருப்பே?"

"ஆத்துல இருப்பேன். சமைச்சுப் போடறேன். பிரின்சிபால் வேலைக்கு வேற ஆள் பாருங்கோ. அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன். எம்.எஸ்ஸி., எம்.எட். படிச்சு இத்தனை வருஷ சர்வீஸ் இருக்கறவா எவ்ளோ கேப்பான்னு விசாரிச்சுண்டு போங்கோ."

"குழந்தைகள் முன்னாடி என்ன பேச்சு இது?"

"குழந்தைகளா, நீங்க கணக்கைப் போடுங்கோ" என்றார் சுந்தரவல்லி. ஒரு பேனாவும் ஓடவில்லை.

தோத்தாத்ரி மஞ்சப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பரீட்சைக்கு முன்னால் கணக்கு டீச்சரும் பிரின்சிபாலும் இல்லாத பள்ளியை நினைத்துப் பார்த்தார். வருஷா வருஷம் ஜங்ஷனில் அவர் வைக்கும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' பேனரை நினைத்துப் பார்த்தார். அதற்கு இந்த வருஷம் முன்கூட்டியே தள்ளுபடி விலையில் ஆர்டர் கொடுத்திருந்தார்.

"சரி, உக்காந்து பேசலாம்" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஜஹானாரா எழுந்து வந்தாள். சந்தையில் கருவாட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசலாம் என்று தோன்றியது.

"ரெண்டே ரெண்டு வழி சார். ஒண்ணு, எல்லா டீச்சருக்கும் மாசம் ஆயிரம் ரூபா கூட்டிக் கொடுங்க."

"எல்லாருக்குமா? அது எப்படி முடியும்? ஸ்கூல் என்ன எண்ணெய்க் கிணறா?"

"இல்லன்னா, ஒரு பைசா கூட்ட வேணாம். பீரோவுல இருக்குற எல்லா டீச்சரோட ஒரிஜினலையும் திருப்பிக் கொடுத்துடுங்க. நான் வேலையில இருக்கேன். பரீட்சைக்கு எல்லாரையும் தேத்தி விடறேன்."

தோத்தாத்ரியின் முகம் தெளிந்தது. பணம் செலவாகாத வழி ஒன்று இருக்கும்போது மற்றதை அவர் வாழ்க்கையில் ஒருபோதும் திரும்பிப் பார்த்ததில்லை. காகிதத்தைக் கொடுத்தால் எங்கே போய்விடுவார்கள்? எல்லாப் பள்ளியிலும் இதே சம்பளம்தான். இன்ஸ்பெக்ஷனுக்கு ஜெராக்ஸ் போதும்.

"இது நியாயமான பேச்சு" என்றார். "காலையில வந்து வாங்கிக்கோங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்கலை, நானா வேணும்னு வச்சுண்டிருக்கேன்?" எழுந்தார். பேண்ட்களை ஷாகுலிடம் நீட்டினார். "இடுப்புல ரெண்டு இஞ்ச் பிடிக்கணும்."

"பசை போட்டா தையல் போட்டா சார்?" என்றான் ஷாகுல்.

அவர் போனதும் அவன் பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டான். "ஆள் கையில சிக்குனாரு. காசக் கேட்டுகினு நின்னிருந்தா ஐந்நூறாவது பேந்துருக்கும். போயும் போயும் காயிதத்த வாங்கிகினு வந்துட்டியே."

"அவரும் அப்படித்தாங்க நெனச்சிட்டுப் போறாரு" என்றாள் ஜஹானாரா.

மறுநாள் காலையில் பீரோ திறந்தது. டீச்சர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு கவரை வாங்கிக்கொண்டார்கள். லோகநாயகி தன்னுடையதை முகர்ந்து பார்த்து, "என் டிகிரி பாத்ரூம் மாதிரி மணக்குது" என்றாள். சுந்தரவல்லி தன் கவரைத் தானே எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கைப்பையில் வைத்தார்.

அடுத்த வாரத்திலிருந்து பள்ளியில் ஒரு வியாதி பரவியது. திங்கட்கிழமை லோகநாயகிக்கு வயிற்றுவலி. புதன்கிழமை ஆங்கில டீச்சருக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை தமிழம்மாவுக்கு மாமியார் வீட்டில் விசேஷம். காய்ச்சல்காரியைச் சேலையூர் பஸ் நிறுத்தத்தில் பட்டுப்புடவையில், கையில் கவரோடு பார்த்ததாக வேன் டிரைவர் தாவீது வந்து சொன்னான்.

"காய்ச்சல்னா பட்டுக் கட்டுவாளா?" என்று கேட்டார் தோத்தாத்ரி.

"டாக்டர் வூட்டுக்குப் போறதுன்னா கட்டுவாங்க சார்" என்றான் தாவீது. அவன் டீச்சர்கள் கட்சி.

காய்ச்சல் முடிந்து திரும்பியவர்கள் ஒவ்வொரு எண்ணோடு திரும்பினார்கள். சேலையூரில் ஒரு பள்ளி ஐயாயிரத்தைந்நூறு சொல்லியது. பெருங்களத்தூர் பக்கம் புதிதாக ஆரம்பித்த பள்ளி ஒன்று ஆறாயிரம் சொல்லி, ஆட்டோவுக்கும் காசு கொடுத்து அனுப்பியது. எல்லாப் பள்ளியிலும் ஒரே சம்பளம் இல்லை. இத்தனை நாளும் போய்க் கேட்க யார் கையிலும் காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் தோத்தாத்ரி ஜஹானாராவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பீரோ திறந்து கிடந்தது. உள்ளே நாலு மஞ்சப்பையும் ஒரு குடையும் இருந்தன.

"உன்னையும் எங்கேயோ கூப்பிட்டாளாமே."

"ஆமாம் சார். ஏழாயிரம் சொல்றாங்க."

"இங்க உனக்கு எவ்ளோ கொடுத்தா இருப்பே?"

"ஏழாயிரம்."

"ஐயாயிரத்தைந்நூறு."

"பஸ் செலவு மிச்சம்கிறதுக்காக ஆறாயிரத்தைந்நூறு. அதுக்குக் கீழன்னா வேணாம் சார், நான் அங்கேயே போயிக்கறேன்."

தோத்தாத்ரி பேனாவை மூடினார், திறந்தார். "சரி. ஆறாயிரத்தைந்நூறு. ஆனா அந்த டியூஷனை நிறுத்திடணும்."

"நிறுத்திடறேன் சார். பத்தாயிரம் கொடுங்க."

அவர் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ரொம்ப நேரம் ஆகவில்லை.

"நடத்திக்கோ" என்றார். "ஆனா ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துட்டுப் போ."

"பீஸ்ல பாதி எங்களுக்குன்னா எடுக்கறோம்."

அவர் கையை அசைத்தார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், போய்த் தொலை என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஜஹானாரா சரி என்று எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கதவைத் திறந்தால் வராந்தாவில் டீச்சர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் கவர். லோகநாயகி கண்ணாலேயே கேட்டாள். ஜஹானாரா புடவைத் தலைப்புக்குள் ஆறு விரலைக் காட்டி, ஏழாவதைப் பாதி மடக்கினாள். வரிசையில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது.

"அடுத்து யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

வரிசையில் முதல் ஆள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து கவரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சுந்தரவல்லி. எம்.எஸ்ஸி., எம்.எட்." என்றார். "பெருங்களத்தூர்ல பதினெட்டாயிரம் சொல்றா சார்."